புதிய பள்ளிக் கட்டடங்களை வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டடக் கலைஞர்களுக்கும் பள்ளிக் கட்டடக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

22 ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் நான், கடைசி மூன்றாண்டுகளைப் புதிதாகக் கட்டப்பட்ட ஒரு பள்ளிக் கட்டடத்தில் கழித்திருக்கிறேன். பழைய கட்டடத்தின் ஒழுகும் கூரையையும் இருண்ட அறைகளையும் அறிந்தவன் என்பதால், புதியதற்காக உழைத்தவர்கள்மேல் எனக்கு உண்மையான நன்றி உண்டு. ஆயினும் வரைபடம் தயாரான நாள் முதல் இன்றுவரை, அந்தக் கட்டடத்தில் நாள்தோறும் ஆறேழு மணி நேரம் இருக்க வேண்டிய மாணவர்களிடம் அதைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தக் குறையைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 38 பேருக்கும் கட்டடத்தின் தரைப்படத்தைப் படியெடுத்துக் கொடுத்தேன். இருக்கப் பிடித்த இடத்துக்குப் பச்சை, விரைந்து கடந்துவிடும் இடத்துக்கு மஞ்சள், இயன்றவரை போகாத இடத்துக்குச் சிவப்பு என்று வண்ணமிடச் சொன்னேன். வருகிறவர்கள் எல்லாம் வியந்து படமெடுக்கும் முகப்புக் கூடத்துக்கு ஒரு மாணவர்கூடப் பச்சை இடவில்லை. இரண்டாம் மாடிக்கு ஏறும் படிக்கட்டின் திருப்பத்தில், சன்னலுக்குக் கீழே முழங்கால் உயரத்தில் ஓர் அகலத் திண்டு இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட படங்களில் அந்த இடம் பச்சையாக இருந்தது. இரண்டு பேர் உட்காரலாம். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம். யார் ஏறி வருகிறார்கள் என்று பார்க்கலாம். தரைப்படத்தில் அதற்குப் பெயர்கூட எழுதப்படவில்லை.

தற்செயலாக அமைந்த இத்தகைய இடத்தை அறிந்தே அமைத்தவர்களும் உண்டு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் 1960களில் வடிவமைத்த மான்டிசோரி பள்ளியின் கூடத்து நடுவே செங்கல்லால் கட்டிய தாழ்ந்த மேடை ஒன்று இருக்கிறது. வழியை மறிப்பதுபோல் தோன்றும் அதன்மேல் குழந்தைகள் உட்காருகிறார்கள், ஏறி நிற்கிறார்கள், அதைச் சுற்றிக் கூடுகிறார்கள். உள்ளேயிருந்து மரப்பலகைகளை இழுத்து விரித்தால் அதுவே நாடக அரங்காகிவிடுகிறது. இதற்கு இதுதான் பயன் என்று விதிக்காமல் விடப்பட்ட இடம் அது. கூடத்தின் உயரத்துக்கும் தரைக்கல்லின் பளபளப்புக்கும் செலவிடும் கவனத்தில் சிறு பங்கை, ஒரு குழந்தை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரும் மூலைகளுக்கும் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்களுக்குப் பெருந்தொல்லையாக இருப்பது வகுப்பறையின் ஒலி. கெட்டியான தரை, வழவழப்பான சுவர், மூடப்படாத கான்கிரீட் கூரை ஆகிய மூன்றும் சேர்ந்த அறையில் பேசிய ஓசை உடனே அடங்குவதில்லை. “சத்தம் கேக்குது சார், சொல்லுதான் கேக்கல” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள். இச்சிக்கலை இதைவிடத் துல்லியமாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. உயிரொலிகள் நீண்டு ஒலிப்பவை, வலுவானவை. மெய்யொலிகளில் பலவோ குறுகியவை, மெலிந்தவை. முந்திய உயிரொலியின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த மெய் வந்தால் அது அதற்குள் புதைந்துவிடுகிறது. அவ்வறையில் ‘வலி’, ‘வளி’, ‘வழி’ என்று மூன்று சொற்களைச் சொல்லி எழுதச் சொன்னால், முன்வரிசை எழுதுவதும் பின்வரிசை எழுதுவதும் வேறாக இருக்கின்றன. வளர்ந்தவர்கள் விடுபட்ட சொல்லைச் சூழலைக் கொண்டு நிரப்பிக்கொள்வார்கள். அந்தச் சொல்லையே முதன்முறையாகக் கேட்கும் குழந்தைக்கு அந்த வழி இல்லை.

இதற்கான அளவுகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. 283 கன மீட்டருக்கு மிகாத வகுப்பறையில் எதிரொலி அடங்கும் நேரம் 0.6 வினாடிக்குள்ளும், ஆளில்லாத அறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தரநிலை 2002இலேயே வகுத்திருக்கிறது. நியூயார்க்கில் உயர்மட்ட ரயில்பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில், பாதைப் பக்கத்து வகுப்பு மாணவர்கள் மறுபக்கத்து மாணவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975இல் வெளியான ஆய்வு காட்டியது. தண்டவாளத்திலும் வகுப்பறைக் கூரையிலும் ஒலியைக் குறைக்க ஏற்பாடு செய்தபின் அந்த வேறுபாடு மறைந்தது. ஒலியை உறிஞ்சும் கூரைப்பலகையைச் செலவுக் குறைப்புப் பட்டியலின் முதல் வரியில் சேர்ப்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அறையில் கரும்பலகைக்கு அருகிலேயே பெரிய சன்னல் இருக்கிறது. அங்கே நின்று நான் பேசும்போது என் முகம் மாணவர்களுக்கு நிழலாகவே தெரிகிறது. செவித்திறன் குறைந்து, உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் ஒரு மாணவர் தம் படத்தில் அந்தச் சன்னலைச் சிவப்பால் நிரப்பியிருந்தார். அதைப் பார்க்கும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை.

சக்கர நாற்காலியில் வரும் மாணவியின் படமும் என்னால் மறக்க முடியாதது. சாய்தளம் இருக்கிறது, விதியும் நிறைவேறியிருக்கிறது. ஆனால் அது கட்டடத்தின் பின்புறத்தில், பழைய மேசைகள் அடுக்கிவைக்கப்பட்ட இடத்தருகே இருக்கிறது. வாயில்வரை தோழிகளோடு பேசிக்கொண்டே வருகிறவள், அங்கிருந்து தனியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். சாய்தளம் முன்வாசலிலேயே, எல்லாரும் ஏறும் வழியாக இருந்திருந்தால் அவளுடைய ஒவ்வொரு காலையும் வேறாகத் தொடங்கியிருக்கும்.

சிவப்பு மிகுந்த இடம் கழிப்பறை. தூய்மைக் குறைவுதான் காரணம் என்று நினைத்தேன். அவர்கள் சொன்ன காரணங்கள் பெரும்பாலும் கட்டட அமைப்பைப் பற்றியவை. அது தாழ்வாரத்தின் கடைக்கோடியில், படிக்கட்டுக்குப் பின்னால், பெரியவர்கள் யாரும் கடந்துபோகாத இடத்தில் இருக்கிறது. கதவுகள் மேலும் கீழும் குட்டையானவை. தாழ்ப்பாள்கள் சரியாகப் பிடிப்பதில்லை. அங்கே போக அஞ்சி நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதாக நான்கு மாணவிகள் எழுதியிருந்தார்கள். கை கழுவும் தொட்டிகள் தாழ்வாரத்தைப் பார்த்துத் திறந்திருந்து, அறைக்கதவுகள் மட்டும் முழு உயரத்துக்கு மூடினால் இந்த அச்சம் பெருமளவு குறையும். இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. வரைபடத்திலேயே நினைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரிட்டனில் 27 தொடக்கப் பள்ளிகளின் 153 வகுப்பறைகளில் படித்த 3,766 மாணவர்களை ஆராய்ந்து, சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2015இல் அறிக்கை வெளியிட்டார்கள். மாணவர்களின் ஓராண்டுக் கற்றல் முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ 16 விழுக்காட்டை வகுப்பறையின் பண்புகளைக் கொண்டு விளக்க முடிந்தது. ஒட்டுமொத்தப் பள்ளி சார்ந்த அம்சங்களைவிடத் தனித்தனி வகுப்பறையின் வெளிச்சம், காற்று, வெப்பம், இது நம் அறை என்ற உணர்வு போன்றவையே மிகுந்த பங்கு வகித்தன. என் மாணவர்கள் முகப்புக் கூடத்துக்குப் பச்சை இடாமல் விட்டதை இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவின் வின்னெட்கா நகரில் 1940இல் திறக்கப்பட்ட குரோ ஐலண்ட் பள்ளியை வரைவதற்கு முன், வடிவமைப்பாளர்களுள் ஒருவரான லாரன்ஸ் பெர்கின்ஸ் வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்தார். ஆசிரியர்களிடமும் பணியாளர்களிடமும் பேசினார். அப்பள்ளியில் விளக்கு விசைகள் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. அரங்கின் இருக்கைகள் முன்வரிசையில் சிறியவையாகத் தொடங்கிப் பின்னே போகப் போகப் பெரிதாகின்றன. அருகில் இருந்து பார்த்தவருக்கே தோன்றக்கூடிய ஏற்பாடுகள் இவை. தங்களைப் பாதிக்கும் செயல்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்று ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது. அவர்கள் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் கட்டடம் அதில் அடங்காமல் போகுமா?

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த பள்ளியை வரையத் தொடங்குமுன், இயங்கிக்கொண்டிருக்கும் ஏதேனும் ஒரு வகுப்பறையின் கடைசி வரிசையில் காலை மணி முதல் மாலை மணி வரை ஒருநாள் முழுதும் உட்காருங்கள். மாணவர்கள் செல்லும் கழிப்பறைக்கே செல்லுங்கள். கட்டடம் திறந்து ஓராண்டு ஆனபின் மீண்டும் வாருங்கள். தலைமை ஆசிரியர் சுற்றிக் காட்ட வேண்டாம், இரண்டு மாணவர்கள் முன்னே நடக்க, நீங்கள் பின்தொடருங்கள்.

வண்ணமிட்ட 38 படங்களும் என் அலமாரியில் இருக்கின்றன. எங்கள் பள்ளிக்கு இன்னொரு தொகுதி கட்டப் போவதாகக் கேள்விப்படுகிறேன். அதை வரையவிருப்பவர் கேட்டால் அவற்றை அன்றே கொண்டுவந்து கொடுப்பேன்.

அன்புடனும் மதிப்புடனும்,
ஒரு பள்ளி ஆசிரியர்