ஷிமானேயின் பூட்டிய வீடுகள்: ஒரு திறந்த மடல்

ஜப்பானின் ஷிமானே மாகாண அரசின் சுற்றுலா, குடியேற்றம், தொழில் வளர்ச்சித் துறையினருக்கு,

வணக்கம். நான் உங்கள் மாகாணத்தின் மட்சுயே நகரில் வாழும் மென்பொருள் பொறியாளன். பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டில். இந்த மடலின் ஜப்பானிய வடிவம் உங்களுக்குத் தனியே வந்து சேரும். மனத்தில் இருப்பதைத் தயங்காமல் எழுத எனக்குத் தமிழ்தான் கைகொடுக்கிறது என்பதால் முதலில் இப்படி எழுதுகிறேன்.

ஓர் ஊரை வெளிநாட்டவருக்கு அறிமுகப்படுத்தும்போது சுற்றிப் பார்க்க வருபவர், குடியேற வருபவர், தொழில் தொடங்க வருபவர் என்று மூன்று ஆட்களை மனத்தில் வைத்து மூன்று துறைகள் வேலை செய்கின்றன. ஆனால் அந்த மூவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். நானே அப்படித்தான் வந்தேன்.

டோக்கியோவில் இரவு ஏறிய சன்ரைஸ் இசுமோ ரயில், மறுநாள் காலை மட்சுயேயைத் தாண்டியதும் ஷின்ஜி ஏரியை ஒட்டி ஓடியது. படகில் நின்றபடி, நீண்ட காம்பு வைத்த வாரியால் ஏரியின் அடியிலிருந்து ஷிஜிமி என்னும் சிறு மட்டியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். சென்னையில் பல ஆண்டுகள் நான் நிரல் எழுதிய ரூபி மொழியை உருவாக்கிய யுகிஹிரோ மட்சுமோட்டோ இந்த ஊரில்தான் வாழ்கிறார் என்பது அந்தப் பயணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. 2006இல் ரயில் நிலையத்துக்கு அருகே ஓப்பன் சோர்ஸ் லேப் திறந்து, 2009 முதல் ரூபிவேர்ல்ட் மாநாடு நடத்திவரும் ஊர் இது. சென்னையில் பிறந்த பிரெஷ்டெஸ்க் என்னும் வாடிக்கையாளர் சேவை மென்பொருள், ரூபியில் அமைந்த ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற சட்டகத்தில் எழுதப்பட்டது. அந்த மொழியில் சோறு தின்னும் எத்தனையோ பேருக்கு மட்சுயே என்ற பெயரே தெரியாது. கோட்டையையும் கோயிலையும் காட்டும் இடத்தில் இதையும் சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மாகாணத்தின் புகழ்பெற்ற வெளிநாட்டவரையே எடுத்துக்கொள்ளுங்கள். லாஃப்காடியோ ஹெர்ன் ஜப்பானைப் பற்றிக் கட்டுரை எழுத வந்தவர். 1890இல் மட்சுயேயில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தார். கொய்சுமி செட்சுவை மணந்து, பின்னாளில் கொய்சுமி யாகுமோ என்ற பெயருடன் ஜப்பானியக் குடிமகனானார். இங்கே அவர் இருந்தது ஏறக்குறைய பதினைந்து மாதங்கள்தான். அந்தப் பதினைந்து மாதங்களுக்காக இன்றும் அவர் குடியிருந்த வீட்டைத் தேடிப் பயணிகள் வருகிறார்கள். அன்று அவருக்கு வாடகைக்கு வீடு கிடைக்காமல் போயிருந்தால்?

எனக்குக் கிடைக்கவில்லை. குடியேற முடிவு செய்தபின் முதல் நான்கு மாதங்களில் ஏழு வீடுகளுக்கு விண்ணப்பித்தேன். ஐந்து முறை, உரிமையாளர் வெளிநாட்டவரை விரும்பவில்லை என்று தரகர் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். ஆறாவது வீட்டுக்கு ஜப்பானியர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். வந்த புதிதில் யாரைத் தெரியும்? அலுவலகத்தில் என் மேலாளர் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகே ஏழாவது வீடு கிடைத்தது. அந்தத் தெருவிலேயே மூன்று வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றின் தோட்டத்துப் பெர்சிமன் பழங்கள் பறிப்பாரின்றி மரத்திலேயே கறுத்துப்போயிருந்தன.

1955இல் ஷிமானேயின் மக்கள்தொகை 9.29 லட்சம். 2020 கணக்கெடுப்பில் 6.71 லட்சம். கோட்சுவையும் மியோஷியையும் இணைத்த 108 கிலோமீட்டர் சான்கோ ரயில் பாதை 2018இல் மூடப்பட்டது. இவற்றையெல்லாம் என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். பக்கத்து மாகாணத்தைச் சுட்டி, "டோட்டோரிக்கு இடப்பக்கம் இருப்பது ஷிமானே" என்று தன்னையே தாழ்த்திச் சொல்லும் விளம்பரம் ஜப்பானியர் மனத்தைத் தொட்டது. டோட்டோரி எங்கே இருக்கிறது என்றே அறியாத ஒருவரிடம் அந்த அடக்கம் போய்ச் சேராது. அவருக்கு நேராகச் சொல்ல வேண்டும்: இங்கே என்ன வேலை இருக்கிறது, எந்த வீடு காலியாக இருக்கிறது, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு.

வழி தேடி வெளியூர் போகவும் வேண்டாம். இவாமி வெள்ளிச் சுரங்கம் 2007இல் உலக மரபுச் சின்னமானது. அதன் மடியில் இருக்கும் ஓமோரியில் சுமார் நானூறு பேர் வாழ்கிறார்கள். அங்கே 1974இல் தொடங்கிய நகாமுரா பிரேஸ் என்ற செயற்கை உறுப்பு நிறுவனம், பாழடைந்த அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சீரமைத்திருக்கிறது. தொழில் வந்தது, அந்தத் தொழில் வீடுகளைத் திறந்தது, வீடு கிடைத்ததால் இளம் குடும்பங்கள் வந்தன. இன்று அந்தத் தெருவில் நடக்கும் பயணி பார்ப்பது விளக்கு எரியும் வீடுகளை.

ஓகித் தீவுகளில் உள்ள ஆமா ஊரின் முழக்கம், "நாய் மோனோ வா நாய்." தமிழில் அது அப்படியே "இல்லாதது இல்லை" என்றாகிறது. இல்லாதது இல்லைதான், அதற்காக ஏங்க மாட்டோம் என்பது ஒரு பொருள். இங்கே இல்லாதது எதுவுமே இல்லை என்பது மற்றொரு பொருள். ஜப்பானிய மொழியின் இரு பொருளும் ஒன்றுகூடச் சிந்தாமல் என் மொழிக்குள் வந்து உட்கார்ந்ததைக் கண்டபோது உடல் சிலிர்த்தது. வெளியூர் மாணவர்களைத் தங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு அழைத்து, அவர்கள் தங்க இடமும் தந்து, மூடப்படும் நிலையில் இருந்த பள்ளியை மீட்டவர்கள் அந்தத் தீவினர்.

பழைய நாட்காட்டியின் பத்தாம் மாதத்தை மற்ற ஊர்கள் கடவுளர் இல்லாத மாதம் என்கின்றன. இந்த மாகாணத்தின் இசுமோவுக்கு மட்டும் அது கடவுளர் இருக்கும் மாதம். நாடெங்கிலுமிருந்து வரும் எண்ணற்ற கடவுளர் தங்குவதற்கென்றே இசுமோ பெருங்கோயிலில் கிழக்கும் மேற்குமாக இரண்டு நீண்ட மரக் கட்டடங்கள் உண்டு. ஆண்டின் மற்ற நாட்களில் மூடியிருக்கும் அவற்றின் கதவுகள் அந்த விழாவில் வரிசையாகத் திறக்கின்றன. வருகிறவருக்கு முதலில் தங்க இடம் என்று தெளிந்த மண் இது. மனிதர் வரும்போது ஏன் தடுமாற வேண்டும்?

ஆகவே கேட்கிறேன். வெளிநாட்டவருக்கு மாகாணமே ஜாமீன் நிற்கட்டும். காலி வீடுகளின் பட்டியலில், வெளிநாட்டவருக்குத் தர உரிமையாளர் சம்மதித்தாரா என்ற ஒரு வரியைச் சேருங்கள். முதல் ஆண்டில் குப்பை பிரிப்பதையும், ஊர் கூடிப் புல் வெட்டும் நாளையும் சொல்லித்தர ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவரை அமர்த்துங்கள். எனக்கு அதைச் சொல்லித்தந்தவர் எதிர்வீட்டுப் பாட்டி. எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை.

வாடகை ஒப்பந்தத்தையும் குடியேற்றக் கையேட்டையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். கூலி வேண்டாம். சனிக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. நாள் குறித்துச் சொன்னால் வருகிறேன்.

அன்புடன்,
மட்சுயேவாசி ஒருவன்