லீவு அல்ல, ஓய்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ரத்தானது பற்றிய உங்கள் தலையங்கத்தில், ‘மாதம் பல லட்சம் வாங்கும் விமானிகளுக்குச் சங்கம் எதற்கு?’ என்று ஒரு வரி. எழுதியவர் எங்கள் வீட்டு பாஸ்புக்கைப் பார்த்ததில்லை, பாவம்.

என் மகன் கோ-பைலட். லைசென்ஸ், அப்புறம் டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தனித் தகுதி) எல்லாம் சேர்த்து 80 லட்சம் ஆனது. தாம்பரம் வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. முதலில் சேர்ந்த கம்பெனி (பெயர் வேண்டாம்) மூன்று மாதம் சம்பளமே போடவில்லை. விலகுகிறேன் என்றதற்கு ஆறு மாத நோட்டீஸைக் காட்டினார்கள். 2017ல் டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககம், போட்ட விதி உங்களுக்குத் தெரியாததல்ல, கோ-பைலட்டுக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம். நான் வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தவன். மேனேஜர் முறைத்தால்கூட சங்கத்துக் கிளைச் செயலாளரிடம் போய் நிற்போம், சம்பளமோ 1966 முதல் இருதரப்பு ஒப்பந்தத்தில் பேசி முடிவாவது. இவனோ எச்.ஆருக்கு மெயில் போட்டுவிட்டு, ‘நோட்டட்’ என்று ஒற்றை வார்த்தையில் வந்த பதிலை எனக்குக் காட்டினான். அங்கே சங்கம் கிடையாது. 2009ல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் தொடங்கியதும் இரண்டு பேரை வேலையை விட்டே நீக்கினார்களே, அந்தச் செய்தியை நீங்களும்தானே போட்டீர்கள்?

ஓய்வு விதிகளை ‘சலுகை’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி, இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு. விமானிகளின் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனதால்தான் இதுவே நடைமுறைக்கு வந்தது. 2024 ஜனவரியில் அறிவித்த விதி, இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில். ஆள் எடுக்க அவ்வளவு நாள் இருந்தும், டிசம்பரில் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் விமானங்களை ரத்து செய்த இண்டிகோவுக்கு விதியிலேயே விலக்குக் கொடுத்தார்கள். படிக்காமல் வந்தவனுக்குக் கேள்வித்தாளை மாற்றிக் கொடுத்த மாதிரி. அதைப் பற்றித் தலையங்கத்தில் ஒரு வரி இல்லை.

சரி, சங்கம் எதற்கு என்று என்னைக் கேட்பதை விட உங்கள் நிருபர்களைக் கேளுங்கள். பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா சம்பளக் குழுவின் பரிந்துரையை உச்ச நீதிமன்றம் 2014லேயே உறுதி செய்துவிட்டது. உங்கள் அலுவலகத்தில் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

2019ல் ஜெட் நின்றபோது நான் எழுதிய கடிதத்தில் மூன்று பத்தியை வெட்டிவிட்டு, என் இனிஷியலையும் தப்பாகப் போட்டீர்கள். அதற்கு இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. பரவாயில்லை.

இப்போது ஒரே ஒரு திருத்தம் போதும். ‘வாரம் இரண்டு நாள் லீவு’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது லீவு அல்ல, ஓய்வு. ஓய்வுக்குப் பதிலாக லீவைக் கணக்குக் காட்டக் கூடாது என்ற பிரிவைத்தானே அந்த டிசம்பரில் திரும்பப் பெற்றார்கள்? அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடவும்.

இப்படிக்கு,
ஒரு கோ-பைலட்டின் அப்பா,
தாம்பரம்