மீன் தீவனப் பையில் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய நக்டா (தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) அதிகாரிகளுக்கு,

வணக்கம். இரணைமடுத் தண்ணீரை நம்பித் திலாப்பியா வளர்க்கும் கிளிநொச்சிக்காரன் எழுதுகிறேன்.

மீனுக்கு எதிர்ப்புச் சக்தி தரும் என்று சொல்லி இப்போது கடைகளில் பலவகைத் தூள் விற்கிறார்கள். விற்றமின் சி, ஈஸ்ற்றிலிருந்து எடுக்கும் பீற்றா குளூக்கன், நல்ல பக்டீரியா அடங்கிய புரோபயோட்டிக். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திலாப்பியாவின் உடம்பு விற்றமின் சியைத் தானாகத் தயாரிக்காது, தீவனத்தில்தான் கொடுக்க வேண்டும். ஆனால் சாதாரண விற்றமின் சி சூட்டுக்கும் ஈரத்துக்கும் நிற்காது. வன்னி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்காகக் கிடந்த பையில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? பொஸ்பேற்றுடன் சேர்த்த வகை என்றால் தாக்குப்பிடிக்கும். எந்தப் பையில் எந்த வகை இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

சில பைகளைப் பிரித்தால் காறல் மணம் மூக்கில் அடிக்கும். தீவனம் கட்டிபட்டு, மூலையில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு மீனின் ஈரலைக் கெடுத்து, இருக்கிற எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடும். அதன்மேல் விலை கொடுத்து வாங்கிய தூளைத் தூவி என்ன பயன்?

இன்னொன்று, எப்போது கொடுப்பது என்பது. நோய் வர முன்னமே கொடுக்க வேண்டும். கோடையில் நீர் வற்றிச் சூடேறும்போதுதான் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியா திலாப்பியாவை வாட்டும். கண் பிதுங்கி, சுழன்று சுழன்று நீந்தும் மீன் சாப்பாட்டைத் தொடாது. அப்புறம் தீவனத்தில் எதைக் கலந்தாலும் அதன் வயிற்றுக்குள் போகாது. அந்தப் பதற்றத்தில்தான் ஆட்கள் அன்ரிபயோட்டிக்கைத் தேடி ஓடுகிறார்கள். அந்த மீனைத்தான் எங்கள் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள், எனக்கு அது பெரிய கவலை. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது ஒட்சிசன் குறைவு, அதற்கு எந்தத் தூளும் மருந்தாகாது.

ஆகவே உற்பத்தித் தேதி, விற்றமின் சியின் வகை, ஒரு கிலோ தீவனத்துக்கு எத்தனை கிராம் தூள், எத்தனை நாள் கொடுப்பது, இவ்வளவையும் பையில் தமிழில் அச்சிட வையுங்கள். பீற்றா குளூக்கனை விடாமல் மாதக்கணக்கில் கொடுத்தால் பலன் குறையவும் கூடும் என்பதால் நாள் கணக்கு முக்கியம். எங்கள் நன்னீர் மீனவர் சங்கங்களுக்கு வந்து, ஒரு குளத்துக்குத் தூள் கலந்தும் பக்கத்துக் குளத்துக்குக் கலக்காமலும் கொடுத்துக் காட்டுங்கள். மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அமோனியா நஞ்சைப் பார்க்கும் பெட்டியையும் கொண்டுவாருங்கள். சிறுபோகத் தண்ணீர் திறக்க முன்னமே வந்தால்தான் இந்தக் கோடைக்கு உதவும்.

இப்படிக்கு,
கிளிநொச்சி மீன் வளர்ப்பாளர் ஒருவர்