விதைக் கௌபியில் தொடங்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

களஞ்சியப் பூச்சிகளைக் கட்டுப்படுத்தத் தாவரங்களிலிருந்து நானோ துகள் பீடைகொல்லிகளைத் தயாரிக்கும் முயற்சி, நெல்லும் பயறும் கௌபியும் (தட்டைப்பயறு) விளைவிக்கும் இலங்கையின் வன்னி விவசாயிகளுக்கு மிகவும் வேண்டியதொன்று.

சேமித்த கௌபியைக் கையில் அள்ளிப் பார்த்தால், மணியின் தோலில் வெள்ளைப் பொட்டுப்போல வண்டின் முட்டை ஒட்டியிருக்கும். பொரிக்கும் புழு நேரே மணிக்குள் துளைத்துச் சென்று, உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வட்டமான ஓட்டையிட்டு வண்டாக வெளிவருகிறது. ஓட்டை கண்ணில் படும்போது பருப்பு கெட்டுவிட்டது. முளையும் சேதப்பட்டிருந்தால் அது விதைக்கும் உதவாது. பொஸ்பீன் என்ற நச்சு வாயுவைத் தரும் குளிசைகள் காற்றுப் புகாத களஞ்சியத்துக்கே உரியவை. மூட்டைகளை அடுக்கிய அறைக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் படுத்துறங்கும் வீடுகளில் அவற்றை வைப்பது உயிராபத்தானது. அவ்வாயுவுக்கு எதிர்ப்புத்தன்மை பெற்ற பூச்சியினங்களும் உலகின் பல பகுதிகளில் பெருகியுள்ளன.

வேப்பிலை, நொச்சியிலை போட்டு மூட்டை கட்டும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆனால் பூச்சியை விரட்டும் வாசனை எண்ணெய்கள் விரைவில் ஆவியாகிவிடுகின்றன. வேம்பில் பூச்சியைத் தாக்கும் பொருளான அசாடிராக்டினும் வெளிச்சம் பட்டால் சிதைகிறது. மீற்றரில் நூறு கோடியில் ஒரு பங்கே ஒரு நானோமீற்றர். இப்பொருள்களை அந்த அளவில் எண்ணப்படும் நுண்துளிகளாக்கி உறையிட்டால், மருந்து சிறுகச் சிறுக வெளியேறி நெடுநாள் நின்று வேலைசெய்யும். இந்தத் தொழினுட்பத்தின் உண்மையான பயன் இதுவே.

எனினும், இலைச்சாற்றைப் பயன்படுத்தி வெள்ளி, நாக (துத்தநாக) ஒட்சைட்டு போன்றவற்றின் நுண்துகள்களைத் தயாரிக்கும் முறையும் தாவரம் சார்ந்தது என்றே சொல்லப்படுகிறது. அங்கே இலைச்சாறு தயாரிப்புக்கு உதவுகிறதேயொழிய, தானியத்தில் தங்குவது உலோகம். எண்ணெய் காலப்போக்கில் சிதையும், வெள்ளி சிதையாது. நெல்லுக்காவது உமி இருக்கிறது, கௌபியையோ தோலோடுதான் அவித்து உண்கிறோம். ஆகவே, எந்தத் தயாரிப்பிலும் உலோகம் உள்ளதா, எவ்வளவு உள்ளது, எத்தனை நாள் கழித்து உண்ணலாம் என்பன தமிழில் தெளிவாக அச்சிடப்பட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவு வழங்கும்போதே இதனை நிபந்தனையாக்கலாம்.

அதுவரை இம்மருந்துகளை அடுத்த போகத்துக்கென ஒதுக்கும் விதையில் மட்டும் பரிசோதிப்பதே முறை என்பது என் கருத்து. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. கண்ணாடிப் போத்தலுக்குள் வண்டு சாவதைக் கணக்கெடுப்பதோடு நில்லாமல், எங்கள் வீடுகளின் சாக்கு மூட்டைகளில், வன்னியின் வைகாசி வெக்கையிலும் மார்கழி ஈரத்திலும் இவை எத்தனை மாதம் தாங்குகின்றன, மருந்திட்ட விதையின் முளைதிறன் குறைகிறதா என்பதைப் பீடத்தினர் ஆராய வேண்டும். கமநல சேவை நிலையங்கள் ஊடாகக் கேட்டால், விதை மூட்டைகளைத் தந்துதவ விவசாயிகள் முன்வருவார்கள்.

இங்ஙனம்,
விவசாயி ஒருவர்,
ஒட்டுசுட்டான்.