வினாத்தாளில் ஓடின நீலம்

அன்பின் குண்டுமணிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது, கிணற்று மோட்டர் திருத்தியாயிற்று, கணக்கு சேர் இன்னும் அதே சைக்கிளில்தான் திரிகிறார், உன்னை விசாரித்தார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவின் மகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிட்டாள். எழுதினது போதும், முடிவு வரும்போது வரட்டும் என்றேன், அக்கா கேட்கிற ஆளா? இந்த முறை வெட்டுப்புள்ளி எவ்வளவு போகும் என்று வாறவர் போறவர் எல்லாரையும் கேட்கிறாள், பிள்ளை அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு மூலையில் இருக்கிறது. தரம் மூன்றிலிருந்தே ரியூசனும் மாதிரி வினாத்தாளுமாய் ஓடின பிள்ளையடி, லீவு விட்டால் என்ன செய்வதென்றே அதற்குத் தெரியவில்லை. அதுதான் அவளையும் அவளுடைய தம்பியையும் இங்கே கூட்டிவந்து வைத்திருக்கிறேன். மூன்று பேருமாக மாபிள் தாள் செய்கிறோம். பழைய கணக்குப் புத்தகங்களின் அட்டையைத் திறந்தால் உள்பக்கத்தில் மயில்தோகை மாதிரிக் கலர் நெளிந்து ஓடுமே, அந்தத் தாள்தான்.

ஷேவிங் ஃபோமைத் தட்டில் பரப்பி, கேக்குக்குப் போடும் கலரைச் சொட்டுவிட்டு, ஈர்க்கால் இழுத்து, தாளை அமத்தி எடுத்து, அடிமட்டத்தால் நுரையை வழித்துவிடுகிற முறை ஒன்று இருக்கிறது. சின்னவனுக்கு அது போதும். எனக்குப் பிடித்தது கஞ்சி முறை. கோன்ஃபிளவரைக் கரைத்துக் காய்ச்சி, கட்டி இல்லாமல் வடித்து, இராத்திரி முழுக்க ஆறவிடவேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உனக்குத் தெரியுந்தானே, கேத்திலில் வெள்ளை வெள்ளையாய்ப் படியும். அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரில் கலர் விரியாமல் குறுணி குறுணியாய் நிற்கிறது. அதனால் காசு கொடுத்து வாங்குகிற, வடிகட்டிச் சுத்தம் செய்த ஆர்.ஓ. தண்ணீரில்தான் கஞ்சி வைக்கிறேன். அம்மா புறுபுறுக்கிறார், நான் காதில் போடுவதில்லை.

அக்கிறிலிக் பெயின்ரைப் பால் பதத்துக்குக் கரைத்து, கோப்பை கழுவுகிற திரவத்தில் ஈர்க்கு நுனியால் ஒரு தொடல் சேர்த்தால் போதும், கஞ்சியின் மேல் விடுகிற துளி விரியும். துருக்கிக்காரர் இதற்கு மாட்டுப் பித்தநீர் விடுவார்கள். எப்ரு என்கிற அவர்களுடைய இந்தக் கலையை 2014 இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சின்னவனுக்கு அதெல்லாம் ஏறவில்லை. 1775 இல் அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்ளின் இருபது டொலர் நோட்டின் ஓரத்தில் மாபிள் போட வைத்தார், ஒருமுறை விழுந்த கோலம் மறுபடி விழாது என்பதால் கள்ள நோட்டு அடிப்பது கஷ்டம் என்றேன், அதற்குப் பிறகு ஆள் தட்டை விட்டு அசையவேயில்லை.

மூத்தவளைப் பற்றித்தான் உனக்குச் சொல்லவேண்டும். முதல் துளி விடமுன் ஈர்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சித்தி, இந்த இடத்தில விட்டாச் சரியோ?" விட்டபிறகு, "சரியோ?" அடுத்த கலரை எடுத்தால் அதற்கும் கேள்வி. ஒரு துளி கலருக்கு என்னடி சரி பிழை? எனக்கு நெஞ்சு அடைத்துப் போயிற்று. நான் பதில் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலத் துளி உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. அதன் நடுவில் மஞ்சளை விட்டாள்; மஞ்சள் விரிய விரிய, நீலம் கலக்காமல் ஒதுங்கி ஒதுங்கி வளையமாய்ப் போனது. குனிந்து, மூக்கு கஞ்சியில் முட்டுகிற மாதிரிப் பார்த்தாள். பிறகு சிவப்பை எடுத்தாள். கேட்கவில்லை. மற்றத் துளியையும் கேட்கவில்லை.

தாளுக்கு எங்கே போவது என்று யோசிக்கிறாயா? அவளுடைய மாதிரி வினாத்தாள்கள்தான், ஒரு கட்டு இருக்கிறது. ஒரு கப் சுடுதண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சீனாக்காரம் கரைத்துப் பூசிக் காயவைத்தால்தான் கலர் தாளில் பிடிக்கும், இல்லாவிட்டால் கழுவும்போது கஞ்சியோடு போய்விடும். வெறும் பக்கத்துக்குப் பூசு என்றேன், அவள் வேண்டுமென்று எழுத்துள்ள பக்கத்துக்குப் பூசினாள். ஒரு மூலையில் தொடங்கி மெல்லச் சரித்துக் கவிழ்த்தாள், காற்றுக் குமிழி அகப்பட்டால் அந்த இடம் வெள்ளையாய் நின்றுவிடும். தூக்கி அலசினால், 'அடுத்து வரும் உரு எது?' என்ற கேள்வியும் விடைகளும் அப்படியே தெரிகிறது, அவற்றுக்கு மேலால் ஒரு நீல நரம்பு குறுக்கே ஓடுகிறது. கொடியில் கிளிப் போட்டு விட்டோம், சோளகக் காற்றுக்கு நிமிசத்தில் காய்ந்துவிடும்.

நாங்கள் படித்த காலத்தில் பென்சிலால் எழுதி, அழித்து, அதன்மேலேயே திரும்ப எழுதினோம். 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். ஒரு தாளின் பெறுமதி தெரியாதவளில்லை நான். ஆனால் அந்தக் கட்டை அக்கா அடுப்பெரிக்கவென்றுதான் எடுத்துவைத்திருந்தாள், அதைவிட இது எவ்வளவோ மேல். தையில் கொப்பிகளுக்கு உறை போட இதையே எடுப்போம் என்று இரண்டும் இப்போதே பங்கு பிரிக்கிறதுகள்.

அக்காவோடு நீ ஒருக்கால் கதைக்கவேண்டும். நான் சொன்னால் சண்டையாகிவிடும், உன் சொல் அவளுக்கு ஏறும். முடிவு எப்படி வந்தாலும் பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது, ஆருடைய பிள்ளையின் புள்ளியையும் எடுத்துப் பேசக்கூடாது, இந்த இரண்டையும் மட்டும் சொல். முடிவு வரமுன் சொல், தள்ளிப்போடாதே.

அப்புறம், மாமி ஊருக்கு வரும்போது கஞ்சிக்குப் பதிலாய்க் கரைக்க ஒரு சின்னப் பைக்கற் கராகீனன் கொடுத்துவிடு, கடற்பாசியில் எடுக்கிற தூள் அது. கிளிநொச்சிப் பக்கம் வலைப்பாட்டுக் கடலில் கயிறு கட்டி வளர்க்கிற பாசியிலும் கராகீனன்தான் எடுக்கிறார்கள், ஆனால் அது உறைந்து கட்டியாகிற இனம். எனக்கு உறையாதது வேண்டும், மாபிள் தாளுக்கென்று கேட்டு வாங்கு. கோன்ஃபிளவர்க் கஞ்சியில் ஈர்க்குச் சீப்பு இழுத்தால் கோடு கொஞ்சம் மொத்தமாய்த்தான் விழுகிறது, மூத்தவளுக்கு மெல்லிசாய் வேண்டுமாம்.

அன்புடன்,
நெட்டை