வண்டியை உயர்த்திக் கொடுக்கும் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், இராமேஸ்வரம் பகுதிகளில் எஸ்.யூ.வி. வண்டிகளுக்கு லிஃப்ட் கிட் பொருத்திக் கொடுக்கும் பட்டறை உரிமையாளர்களுக்கும் தலைமை மெக்கானிக்குகளுக்கும் வணக்கம்.

தார், ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளை இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ உயர்த்தித் தரும்படி கேட்டு வருகிறவர்கள் நம் பகுதியில் பெருகி வருகிறார்கள். நீங்களும் செய்து கொடுக்கிறீர்கள். உங்கள் தொழிலைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உயர்த்திய வண்டிகள் சத்தம், ஆட்டம், எண்ணெய்க் கசிவு என்று கோளாறோடு வரும்போது அவற்றின் கீழே படுத்துப் பார்க்கும் வேலை இன்றும் எனக்கு வாய்க்கிறது. வண்டியின் உயரம் எந்தெந்த உறுப்பைத் தேய்க்கும் என்பதை வேலை தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் நீங்கள் சொல்ல வேண்டும் என்பதும், அந்தத் தேய்மானத்தைக் குறைக்கும் துணை வேலைகளை முடிக்காமல் வண்டியை வெளியே அனுப்பக் கூடாது என்பதுமே என் கோரிக்கை.

வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது உயரம். வண்டியின் அடியில் நடப்பதோ கோணங்களின் மாற்றம். முன் சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் அமைப்புள்ள வண்டியில், காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கூட்டின் தலையில் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பேசர் என்ற இடைக்கட்டையை வைத்தால், அந்தக் கூடு, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நடுப்பகுதியில் அமர்ந்திருப்பதால், சக்கரத்தில் ஏறும் உயரம் அதன் இருமடங்கை நெருங்கும். கைகள் கீழ்நோக்கிச் சாய்கின்றன. சக்கரத்தைக் கைகளோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டுகளும், ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடு எண்டுகளும் தங்கள் அசைவு எல்லையின் ஓரத்தில் நின்று வேலை செய்யத் தொடங்குகின்றன. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது மேல் பால் ஜாயின்ட் எல்லையைத் தாண்டி முட்டுகிறது. ஷாக்கின் நீளம் மாறாமல் கூடு மட்டும் நீண்டுவிட்டதால், பெரிய அடி விழும்போது ரப்பர் தடுப்பில் மோதும் முன்பே ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடிமட்டத்தில் இடிக்கும் அபாயமும் உண்டு. பின்பக்கம் ஸ்பிரிங்குக்கு மட்டும் ஸ்பேசர் வைத்துப் பழைய ஷாக்கையே விட்டுவிடும் வண்டிகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது: சக்கரம் கீழிறங்கும்போது ஷாக்தான் கடைசி எல்லையாகி, ஒவ்வொரு வேகத்தடையைத் தாண்டும்போதும் அதன் சீலையும் மேல் பிடிமானத்தையும் இழுத்துப் பார்க்கிறது.

நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிகளில் முதலில் கதறுவது, முன் சக்கரங்களுக்கு விசை கொண்டு செல்லும் தண்டுகளின் மூட்டுகளான சி.வி. ஜாயின்ட்டுகள்தாம். இழுவையைப் பின் சக்கரங்களுக்கு மட்டும் விட்டு ஓட்டினாலும், பல வண்டிகளில் முன் சக்கரங்களோடு அந்தத் தண்டுகளும் சுழன்றுகொண்டே இருக்கும். கோணம் கூடும்போது உள்ளிருக்கும் குண்டுகள் தங்கள் தடத்தில் அதிக தூரம் முன்னும் பின்னும் ஓடுகின்றன. தேய்மானமும் சூடும் கூடுகின்றன. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்புகள் ஒரு பக்கத்தில் நெருங்கி ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன. வேறு ஊரில் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், கொஞ்சம் தூசி போகும். நம் ஊரில் உள்ளே போவது உப்புப் படிந்த கடல் மணல். மணலும் மிச்சக் கிரீஸும் கலந்த பிறகு அந்த ஜாயின்ட் தன்னைத்தானே அரைத்துக்கொள்கிறது. திருப்பும்போது கடகடவென்று சத்தம் கேட்கும் நிலைக்கு வந்தபின் பூட்டை மட்டும் மாற்றி அனுப்புவது வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குவது.

பின் ஆக்சிலில் கோளாறு வேறு விதமாக வருகிறது. கியர்பாக்ஸிலிருந்து, பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்குச் செல்லும் நீண்ட தண்டின் இரு முனைகளிலும் உள்ள கிராஸ் என்ற மூட்டுகள் கோணத்தில் சுழலும்போது, தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறைகிறது. இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுசெய்துவிடும். வண்டியை உயர்த்தும்போது ஆக்சிலைப் பிடித்திருக்கும் கைகள் சாய்ந்து, டிஃபரன்ஷியலின் முகம் திரும்பி, அந்தச் சமம் குலைகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் எழுகிறது என்று ஓட்டுநர் சொல்வாரானால், டயர் பேலன்ஸ் பார்ப்பதற்கு முன் இந்தக் கோணங்களை அளக்க வேண்டும். அந்த நடுக்கம் கிராஸின் ஊசி பேரிங்குகளையும், கியர்பாக்ஸின் பின் சீலையும், தண்டிலிருந்து டிஃபரன்ஷியலுக்குள் விசையை வாங்கும் பல்சக்கரமான பினியனின் பேரிங்கையும் சேர்த்தே தின்கிறது. பினியன் சீல் தளர்ந்த வண்டியைக் கடல்நீர் தேங்கிய இடத்தில் இறக்கும்போது, ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் கூடு சட்டென்று குளிர்ந்து உள்ளே இழுவிசை உண்டாகி, உப்புநீர் அந்த வழியாகவே உட்புகும். பால் கலந்ததுபோல வெளுத்த எண்ணெயை வடித்திருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நீங்கள் நினைத்தால் நாளையே திருத்திவிடக்கூடிய ஒன்றை இனிச் சொல்கிறேன். இந்த மடலில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சஸ்பென்ஷன் கைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் பெரும்பாலும் சுழன்று இயங்குபவை அல்ல. நடுவிலுள்ள இரும்புக் குழாய் போல்ட்டால் இறுக்கப்பட்டு நிற்க, ரப்பர் முறுக்கிக்கொண்டு விரிந்து இயங்கும். வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போது முறுக்கே இல்லாமல் இருக்குமாறுதான் தொழிற்சாலையில் இறுக்குகிறார்கள். லிஃப்ட் கிட் மாட்டும்போது சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே போல்ட்டுகளை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ஒவ்வொரு புஷ்ஷும் முறுக்கிய நிலையிலேயே ஆயுள் முழுதும் நிற்கும். போல்ட்டைத் தொடாமல் ஸ்பேசரை மட்டும் நுழைத்தாலும் இதே கதிதான், ஏனென்றால் பழைய உயரத்துக்கு இறுக்கியது புதிய உயரத்தில் முறுக்காகிறது. எல்லாச் சுழல் போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, மேலும் கீழும் அழுத்தி அமரவிட்டு, அந்த உயரத்திலேயே உற்பத்தியாளர் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குவதற்குக் கூடுதலாகக் கொஞ்ச நேரம்தான் பிடிக்கும். இந்த வேலையைச் செய்யாமல் விட்டதால் வெடித்த புஷ்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். உரிமையாளரோ சாலையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

வீல் அலைன்மென்ட்டும் அதேபோல் தட்டிக்கழிக்கக் கூடாதது. உயரம் மாறினால் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் அளவு), காஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) மூன்றும் மாறும். டோ தவறினால் டயரின் ஓரம் ரம்பப் பல்போலத் தேயும். காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. நேர்ச்சாலையிலேயே வண்டி அலையும். 1988இல் திறக்கப்பட்ட, இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக்காற்று எப்படி அறையும் என்பது உங்களுக்குத் தெரியும். ஈர்ப்பு மையம் உயர்ந்து, காற்று மோதும் பரப்பும் மேலேறி, ஸ்டியரிங்கும் அலையும் வண்டியில் ஒரு குடும்பம் அந்தப் பாலத்தைக் கடப்பதை நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது. அலைன்மென்ட் செய்வதற்கான கேம் போல்ட்டுகள் நம் உப்புக்காற்றில் குழாயோடு துருப்பிடித்து இறுகிவிடுவது இந்தக் கரையோரத்துக்கே உரிய சிக்கல். போல்ட் அசையவில்லை என்பதற்காக "பரவாயில்லை, ஓட்டிப் பாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். கிட் மாட்டும் முன்பே அந்தப் போல்ட்டுகள் திரும்புகின்றனவா என்று சோதியுங்கள். திரும்பாவிட்டால் அவற்றை மாற்றும் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு உரிமையாளர் இசையாவிட்டால் வேலையை ஏற்காதீர்கள். அரிப்பு எப்படித் தின்னும் என்பதை நாம் வேறெங்கும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை: 1914 முதல் நின்ற பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

உயர்த்தக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் ஏன் என்று கேளுங்கள். மணலில் சிக்காமல் ஓட்ட என்று பலர் சொல்வார்கள். மணலில் வண்டியைக் காப்பது டயரின் காற்றழுத்தமே தவிர உயரம் அல்ல. முப்பது பி.எஸ்.ஐ.க்கு மேலிருக்கும் அழுத்தத்தைப் பதினெட்டு, இருபதுக்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து புதையாமல் நகரும், சாலைக்கு வந்ததும் மறுபடி காற்று நிரப்பிக்கொள்ளலாம். மேலும், கட்டி ஆக்சில் உள்ள வண்டியில் ஸ்பேசர் எவ்வளவு வைத்தாலும் டிஃபரன்ஷியலின் அடிவயிறு தரையிலிருந்து ஓர் இம்மியும் உயராது. பெரிய டயர் மாட்டினால்தான் உயரும், அது பிரேக்குக்கும் வீல் பேரிங்குக்கும் வேறு சுமை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும் முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலையும் தண்ணீரையும் கடந்து தனுஷ்கோடிக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற வேன்களுக்கு அந்தப் பாதை தேவையாக இருந்தது. இன்று அங்கே போக மணலில் இறங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரையில் வண்டி ஓட்டவே கூடாது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

சட்டத்தையும் மறைக்காதீர்கள். உற்பத்தியாளர் குறித்தபடி பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. மாட்டும் முன்னும் பின்னும் நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும், பின் தண்டின் இரு கோணங்களையும், அலைன்மென்ட் அளவுகளையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடவில்லை என்பதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஸ்பேசர் மேல் ஸ்பேசர் அடுக்கக் கேட்பவரைத் திருப்பி அனுப்புங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் வண்டியைத் திரும்ப வரவழைத்துப் போல்ட்டுகளை மீண்டும் டார்க் பார்த்து இறுக்குங்கள். ஏற்கெனவே உயர்த்திக் கொடுத்த வண்டிகளின் உரிமையாளர்களையும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அழைத்து, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, சி.வி. பூட்டுகளையும் புஷ்களையும் பினியன் சீலையும் விளக்கு வைத்துப் பார்த்துக் கொடுங்கள். முறுக்கிய நிலையில் இறுக்கிய போல்ட்டுகள் இருந்தால் அன்றே தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, மறுபடி இறுக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பணிமனைத் தொழிலாளி ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்.