நற்செயலுக்கு எதற்கு போட்டோ?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சிறுவர்களுக்கான கோடை வகுப்புகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கராத்தே, அபாகஸ், கீபோர்டு, ரோபோட்டிக்ஸ் என்று எல்லாவற்றையும் கட்டணத்தோடு எழுதியிருந்தீர்கள். சரி. ஆனால் நம் தொடக்கப் பள்ளிகளிலேயே ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற, சாரணர் இயக்கத்தின் சின்னவர் பிரிவுகளான குருளையர் (ஆண் பிள்ளைகள்), நீலப்பறவையர் (பெண் பிள்ளைகள்) பற்றி ஒரு வரிகூட இல்லை. பதினாறு வருடம் குருளையர் குழு நடத்திய ஆசிரியை என்பதால் மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை எங்கள் மணப்பாறையில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழா ஜாம்போரி என்ற பெரும் முகாம் நடந்தது. ஊரே போய்ப் பார்த்தது. அதனால் சாரணர் என்றாலே கூடாரமும் அணிவகுப்பும்தான் என்று பலர் நினைத்துவிட்டார்கள். அது பெரிய பிள்ளைகளின் உலகம். சாரணர் இயக்கத்தை நிறுவிய ஆங்கிலேயர் பேடன் பவல் 1907-இல் சாரணர் முகாமைத் தொடங்கிய பிறகு, 'நாங்களும் வருவோம்' என்று தம்பிகள் விடாமல் நச்சரித்ததால்தான் 1916-இல் சின்னவர்களுக்குத் தனிப் பிரிவே வந்தது. அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்த சாரணர் குழுக்களில் இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அதே 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் அவருடைய சகாவான ஜார்ஜ் அருண்டேலும் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென்று ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார்கள்.

சாரணர் விதிகள் ஒன்பது. குருளையருக்கு இரண்டே இரண்டு: பெரியவர் சொல் கேட்க வேண்டும்; சுத்தமாகவும் பணிவாகவும் இருக்க வேண்டும். குறிக்கோள், 'முடிந்தவரை முயற்சி செய்'. 'முதலாவதாக வா' என்று அதில் இல்லை. நேற்று ஷூ லேஸ் கட்டத் தெரியாத பிள்ளை இன்று தானே கட்டினால் அதுதான் அங்கே தேர்ச்சி. பக்கத்துப் பிள்ளை என்ன செய்தது என்ற பேச்சே கிடையாது. அப்புறம் உறுதிமொழியில், தினமும் ஒரு நற்செயல் செய்வேன் என்று ஒரு சொல் கொடுக்கிறார்கள். என் கணக்கில் மொத்த இயக்கத்தின் உயிரும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

காலையில், சீருடையோடு கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். அன்றைய நற்செயல் முடிந்ததும் அவிழ்க்கலாம். நம் பாட்டிமார் மறக்காமலிருக்க முந்தானையில் முடிந்துகொள்வார்களே, அதேதான். என்னிடம் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். மறுநாள் காலை எல்லாரும் அவிழ்த்த ஸ்கார்ஃபோடு நிற்க, இவன் மட்டும் முடிச்சோடு வந்து, "நேத்து ஒண்ணும் செய்யல டீச்சர்" என்றான். நான் திட்டவில்லை, முடிச்சையும் அவிழ்க்கச் சொல்லவில்லை. இரண்டு நாள் அப்படியே போட்டுக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் முடிச்சு இல்லை. என்னடா என்றேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தானாம். "அஞ்சாறு தடவை எச்சில் தொட்டுத் தொட்டுக் கோத்தேன் டீச்சர், பாட்டிக்குக் கண்ணே தெரியல" என்றான். அந்தப் பாட்டிக்குக் கண் தெரியாதது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

இப்போது நான் கேள்விப்படுவது வேறு மாதிரி இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், நற்செயல் செய்ததற்கு தினமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமாம். என் பேத்தி அங்கே படிக்கிறாள். எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் செம்பருத்திச் செடிக்கு ஒரே வாரத்தில் நான்கு முறை தண்ணீர் ஊற்றுவதுபோல் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நான்காம் நாள் குடத்தில் தண்ணீரே இல்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஏழு வயதுக் குழந்தையிடம் சாட்சி கேட்டால், அது பாட்டியின் கண்ணைப் பார்க்காது, கேமராவைத்தான் பார்க்கும்.

இன்னொன்று, இந்தக் குழந்தைகளை விழா வரவேற்புக்கு நிறுத்துவது. விருந்தினர் வரும்வரை சீருடையில் வெயிலில் நிற்க வைத்து, ஒரு குழந்தை மயங்கி விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரியவர் சொல் கேட்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அப்படி நம்மை நம்பி நிற்கிற பிள்ளையை வெயிலில் காக்க வைக்க நமக்கு எப்படி மனம் வருகிறது?

பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. கால அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த மணியில் விளையாட்டு, கதை, முடிச்சு, பாட்டு இருக்கட்டும். நற்செயலை வாயால் சொல்லட்டும், செய்யாத அன்று செய்யவில்லை என்றும் சொல்லட்டும். தாங்களும் ஒரு பள்ளிக் குழுவை நேரில் பார்த்து, அடுத்த கோடை இதழில் அரைப் பக்கமாவது எழுதுங்கள். கட்டண விவரம் போடத் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை,
மணப்பாறை வட்டம், திருச்சி மாவட்டம்.